ஒற்றை நட்சத்திர இல்லத்தில் இருப்பவர் யார்?

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் முறையை மத்திய அரசு 2008 டிசம்பரில் கொண்டுவந்தது. ஆய்வாளர்களின் சோதனை, ஊழியர் எண்ணிக்கை, அங்கே இருப்பவர்களின் உடல்நலக் குறியீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து நட்சத்திரமாகின்றன. தாயை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் மகளுக்கு இது பெரிய உதவிதான். ஆய்வறிக்கையைப் பூட்டி வைத்தால் லாபம் இல்லத்தின் உரிமையாளருக்கு மட்டுமே.

ஆனால் தொடக்கத்தில் இம்மூன்றில் சோதனையை மட்டுமே வெளியார் செய்தார்கள். மற்ற இரண்டும் இல்லங்களே எழுதிக் கொடுத்த கணக்கு. பரீட்சை எழுதுகிறவன் கையிலேயே திருத்தும் பேனாவையும் கொடுத்த கதை. ஊழியர் கணக்கைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்து நட்சத்திரம் போட 2018 ஆகிவிட்டது.

இதைவிடக் கொடியது மருந்து விஷயம். மறதிநோய் கொண்ட முதியவர்கள் கூச்சலிட்டால், கவனிக்க ஆள் இல்லாத இடங்களில் மனநோய் மருந்து கொடுத்து அடக்குவதுண்டு. அவர்களுக்கு இம்மருந்துகளால் மரண அபாயம் கூடும் என்று 2005லேயே அரசு எச்சரித்திருந்தது. 2015 முதல் இந்த மருந்துப் பயன்பாடும் மதிப்பெண்ணில் சேர்ந்தது. மனச்சிதைவு போன்ற சில நோய்கள் உள்ளவர்களுக்கு விலக்கு. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும் மனச்சிதைவு, இல்லத்துக்கு வந்தபின் சில முதியவர்களின் கோப்பில் முளைத்தது. 2023இல் அரசு இதைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. இதை வெறும் கணக்குப் பித்தலாட்டம் என்று கடந்துபோக முடியாது. மறுத்துச் சொல்ல வாயற்ற ஒருவர்மீது இல்லாத நோயை எழுதுவது அவர் உடல்மேல் செய்யும் வன்முறை.

இன்னொரு சிக்கல், தேர்ந்தெடுக்க முடியாதவர்களுடையது. இல்லவாசிகளில் பெரும்பாலோருக்குச் செலவை ஏற்பது ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம். மருத்துவமனை வெளியே அனுப்பும் நாளில் எங்கே படுக்கை காலியோ அங்கே போகிறார்கள். நட்சத்திரம் குறைந்த இல்லத்தைச் சொந்தப் பணம் கட்டுபவர்கள் தவிர்த்தால் வருமானம் குறையும், ஆட்குறைப்பு வரும், தண்டனை ஏழைக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, ஆய்வு மதிப்பெண்ணில் ஒவ்வொரு மாநிலத்திலும் கடைசி 20 சதவீதத்துக்கு ஒற்றை நட்சத்திரம் என்பது விதி. எல்லா இல்லங்களும் திருந்தினாலும் அந்த வரிசை காலியாகாது.

அதற்காக மதிப்பீட்டை மறைப்பது நியாயமாகாது. வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று அரசு கைகழுவுவதுதான் அநியாயம். கடைசி வரிசையில் நிற்கும் இல்லத்துக்கு ஆய்வாளர் அடிக்கடி போக வேண்டும். ஆள் போதாதென்றால் புதிய சேர்க்கையை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குச் செவிலியர் கிடைக்கும்வரை பொறுப்பு அரசுடையதே.