முல்லைவாயிற் பதிகமும் கண்பெறாத வேண்டுகோளும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கிய சூழலில், வடதிருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் எழுந்தருளியிருக்கின்றார். ஏழாந் திருமுறையின் 69ஆம் பதிகம் இத்தலத்திற்குரியது. துயர் களைய வேண்டும் வேண்டுகோள் பாடல்தோறும் நிற்றலின், இடருற்றோர் இதனை விரும்பி ஓதுகின்றனர். ஆயின், பாடிய நம்பியாரூரர்க்கு ஈண்டுக் கண் வரவில்லையென்பதை ஓதுவோருட் பலர் எண்ணுவதில்லை.

சங்கிலியாரைப் பிரியேனென்று சந்நிதியிற் சூளுரைக்க இசைந்த நம்பிகள், அப்பொழுது மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவரோ, மகிழின்கீழேயே ஆணை கொள்கவெனச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்தினார். பின்னர் ஆரூரை நினைந்து ஒற்றியூரெல்லையைக் கடந்த அளவிலே நம்பிகளின் இருகண்ணும் மறைந்தன.

தம்மைத் தோழராகத் தந்த பெருமானே தோழரை அகப்படுத்துதல் முறையோ என்பார் உளர். வினா எளியதன்று. எனினும், சங்கிலியாரும் அடியாரேயன்றோ? நட்பின்பொருட்டு அவரை வஞ்சிக்க இறைவர் உடன்பட்டிருப்பின், ஒருவர்க்குச் செய்த அருள் மற்றொருவர்க்குக் கொடுமையாய் முடிந்திருக்கும். சொற்கேளாப் புதல்வரைப் பெற்றோர் அடித்தலும் தளையிடுதலும் பரிவேயெனச் சிவஞானசித்தியார் கூறுதலும் இங்குக் கருதற்பாலது.

இங்ஙனங் கூறுதலால், கண்ணிழந்தார்க்குக் கண்ணின்மை துயரன்றென்று சாதிக்க யாம் துணியோம். நம்பிகளே அதனைத் துயரென்று முறையிட்டார். சங்கிலியார் பொருட்டுக் கண் கொண்டமையை வெளிப்படையாகவே பாடினார். ஆயினும் பதிகம் கண்ணைக் கேட்டுத் தொடங்கவில்லை. திருவடியே செல்வமென்னுஞ் செருக்கால் ஒருவரையும் மதியாது, தகாதன செய்து, ஊடித் திரிந்தமையைச் சொல்லியே தொடங்குகின்றது. ஏமாற்றப்பட்டவர் சங்கிலியாராயிருக்க, பிறரை மதியாமையை முதற்கண் வைத்தது எத்துணைப் பொருத்தம்! முறையீட்டினும் முன்னாக அவ்வறிவு இங்கே அவர்க்கு வாய்த்தது. பின்பு திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

தொண்டைமான் களிற்றை முல்லைக்கொடியாற் பிணித்த வரலாற்றையும் இப்பதிகம் பாடுகின்றது. தம் தளையைப் பாடவந்தவர் களிற்றின் தளையை நினைந்தது இயல்பே. அக்கொடியை அரசன் வாளால் அரிந்தபொழுது வெட்டுண்டது இறைவரின் திருமுடியென்பது தலவரலாறு. அவ்வடு தோன்றாவண்ணம் இலிங்கத் திருமேனி ஆண்டு முழுதும் சந்தனக்காப்பால் மூடப்பெற்றிருக்கின்றது. சித்திரைச் சதயத்தில் மாத்திரம் அது களையப்பெற்றுப் புதிதாகச் சாத்தப்பெறுகின்றது.