தூரம் கூடினால் விலை குறைவதா?

ஊருக்குப் புறப்படுகிறவர்கள் பூச்சோங்கில் என் கடைக்கு வந்தால் ஒரு கேள்வி கேட்பதுண்டு. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே செல்லும் விமானம் சுமார் நாலு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. கொழும்பில் இறங்கிக் காத்திருந்து வேறு விமானம் ஏறினால் பொழுது போய்விடும். இரண்டு முறை ஏற்றி இறக்கும் செலவும் கம்பெனிக்குத்தான். இருந்தும் சில வேளை சுற்றுவழி டிக்கட்டு மலிவாக இருக்கிறதே, இது என்ன நியாயம்?

வியாபாரிகளுக்கு இது விளங்காத விஷயமன்று. நேரே போவதற்கு ஆள் தானாக வருகிறான். சுற்றிப் போவதற்கு விலையைக் குறைத்துத்தான் கூப்பிட வேண்டும். நடு ஊரோடு நின்றுவிடுகிறவனுக்கோ அதுவே நேர்வழி. அவனிடம் கூட்டிக் கேட்கலாம். இப்படிச் சில தடங்களில், கடைசி ஊர் டிக்கட்டைவிட நடு ஊர் டிக்கட்டுக்கு விலை ஏறிவிடுகிறது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலை நிர்ணயிக்கும்படி கேட்டவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இணங்காத செய்தி நாமறிந்ததே. இருவரும் மனமொப்பிய விலையில் குற்றம் காண முடியாது.

தொல்லை இதற்குப் பிறகுதான். கடைசி ஊருக்கு டிக்கட்டு வாங்கி நடுவிலேயே இறங்கிக் கொள்ளுகிறவன் செய்வது மோசடியா? ஜெர்மனியில் இது நீதிமன்றம் வரை போயிற்று. 2016-ல் ஒருவர் ஆஸ்லோவிலிருந்து பிராங்பர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டில் சென்று திரும்ப, சுமார் 657 யூரோவுக்கு லுப்தான்சா டிக்கட்டு வாங்கினார். திரும்புகையில் பிராங்பர்ட்டோடு நின்றுவிட்டார். கம்பெனி மேலும் 2,112 யூரோ கேட்டு வழக்காடியது. கூடுதல் தொகையைக் கணக்கிடும் முறை பயணிக்குத் தெளிவாக விளங்கவில்லை என்று, 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

மூன்று சவுக்காரத்தைச் சேர்த்துக் கட்டி மலிவாக விற்கிறேன். வாங்கியவர் ஒன்றை மேசைமீதே விட்டுப் போனால் அவரைத் துரத்திக்கொண்டு ஓடுவேனா? (ஓடினால் தெருவே சிரிக்கும்.) ஆனால் அந்தச் சவுக்காரம் மறுநாள் விலைபோகும், பறந்துவிட்ட விமானத்தின் காலி இருக்கை போகாது. அந்த இருக்கை கிடைக்காமல் ஒருவர் நின்றிருக்கவும் கூடும். திடீரென்று வேலை வந்து இறங்குவது வேறு. இறங்குவதென்று முதலிலேயே எண்ணிக்கொண்டு, முழுப் பயணமும் செய்வதாக ஒப்புவது வாக்கில் வைக்கும் ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

கம்பெனி மட்டும் யோக்கியமோ? அந்த நிபந்தனையைப் பொடி எழுத்தில் எங்கோ ஒளித்துவிட்டு, வாங்குகிறவன் சம்மதித்தான் என்பது தராசைத் துணியால் மூடி நிறுப்பது போன்றது. போகும் வழியில் ஒரு கட்டத்தை விட்டால், திரும்பும் பயணத்தையும் பல கம்பெனிகள் ரத்துச் செய்துவிடுகின்றன. இதை டிக்கட்டு எழுதும்போதே வாயால் சொல்ல நம் ஏஜண்டுகளுக்கு என்ன தடை?