துடுப்பை விடாத கை

கெட்ட காரியத்தைச் செய்துவிட்டு வெட்கப்படுவது உலக இயற்கை. நல்ல காரியம் ஒன்றைச் செய்து, நாலு பேர் மெச்சிக்கொள்ள, அந்த மெச்சுதலைக் கேட்டுத் தலை குனிந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அது கங்கையில் நேர்ந்தது.

2022-ஆம் வருஷம் மார்ச் மாதம். தேவப்ரயாகையிலிருந்து ரிஷிகேசம் வரை ரப்பர்ப் படகில் மூன்று நாள் பிரயாணம். சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். இரண்டு மூன்று மணியில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதையே மூன்று நாள் நனைந்துகொண்டு போவதற்குப் பணமும் கொடுத்தோம். இந்த யோசனை என் நண்பருடையது. அவர் கல்லூரியில் தத்துவம் போதிப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட நான் தர்க்கத்தில் அவருக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே புறப்பட்டுவிட்டேன்.

தேவப்ரயாகை நமக்குப் புதிய ஊர் அல்ல. பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர் அதுதான். ரகுநாதர் கோவிலுக்குக் கீழே பாகீரதியும் அலகநந்தாவும் கூடுகின்றன. கூடிய பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். இரைச்சலோடு வரும் பாகீரதியை மாமியார் என்றும், அடக்கமாக வரும் அலகநந்தாவை மருமகள் என்றும் அந்தப் பக்கத்தார் வேடிக்கையாகச் சொல்வார்கள். மேலே டெஹ்ரியில் 260 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அணை எழுந்து, 2006-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகு, மாமியாரின் கோபமும் அணைக்காரர்கள் திறந்துவிடுகிற அளவில்தான்!

எங்கள் படகோட்டி இருபத்தைந்து வயதுக் கடுவால் இளைஞர். முதல் நாள் காலை, அமைதியான நீரில் எங்கள் ஆறு பேருக்கும் பாடம் நடத்தினார். 'ஃபார்வர்ட்' என்றால் முன்னோக்கித் துழாவ வேண்டும். 'பேக்' என்றால் பின்னோக்கி. 'ஸ்டாப்' என்றால் சும்மா இருக்க வேண்டும். ஐம்பது தடவையாவது இதையே சொல்லிச் செய்ய வைத்தார். எங்களுக்கு அலுத்துவிட்டது.

"ஆறு இழுத்துக்கொண்டு போகிறதே, நாம் எதற்குத் துழாவ வேண்டும்?" என்று நண்பர் கேட்டார்.

"தண்ணீர் போகிற வேகத்திலேயே படகும் போனால் அது கட்டை, சார். தண்ணீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் அதைத் திருப்ப முடியும். பயந்து துடுப்பை விட்டுக் கயிற்றைப் பிடித்தீர்களானால் எல்லோருமாகக் கவிழ்வோம்" என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார்: "யாராவது விழுந்தால், மல்லாந்து மிதந்து காலை முன்னே நீட்டிக்கொள்ளுங்கள்; ஓடுகிற நீரில் எழுந்து நிற்காதீர்கள், பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். படகில் இருப்பவர்கள் நான் சொல்லும் வரையில் துழாவிக்கொண்டே இருங்கள். விழுந்தவரைத் தூக்கச் சின்னப் படகில் ஒரு ஆள் பின்னாலேயே வருகிறான்."

அன்றிரவு கரைமேல் கூடாரத்தில் தங்கினோம். நண்பர் தம் தர்க்கத்தைத் தொடங்கினார். "இந்தத் தைரியம் விலைக்கு வாங்கிய தைரியம். தலைக்கவசம், மிதவைச் சட்டை, பின்னால் காப்பாற்ற ஓர் ஆள். ஆபத்திலிருந்து ஆபத்தை வடிகட்டிவிட்டு நாம் குடிக்கிறோம். நமக்கு இது விளையாட்டு. அந்தப் பையனுக்குச் சோறு. இதில் தைரியசாலி யார்?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் ஆறே விடை சொல்லும் என்றும் தெரியவில்லை.

நீர் பாறைகளில் விழுந்து எகிறும் இடங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறு என்றால், பிழைக்க நினைப்பவன் போகாத இடம். வியாசிக்குக் கீழே 'சுவர்' என்று பெயர் பெற்ற இடம் நான்காம் தரத்துக்கும் சற்று மேல். அதன் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு குளிர்ந்த சாரல். பிறகு படகின் முன்புறம் வானத்தைப் பார்த்து எழுந்தது. மறு நிமிஷம் என் பக்கத்தில் நண்பரைக் காணோம்.

அவர் மறைந்துபோகவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. படகின் ஓரக் கயிற்றை எட்டப் பார்த்தது. என் இடது கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். நான் நீட்டவில்லை. இரண்டு கைகளாலும் துடுப்பைப் பற்றி, வெறி பிடித்தவனைப் போல் முன்னோக்கித் துழாவிக்கொண்டிருந்தேன். ஐந்து முறை இருக்கலாம், ஆறு முறை இருக்கலாம். படகு திரும்பிச் சுழலுக்கு வெளியே வந்தது. சின்னப் படகுக்காரன் நண்பரை இழுத்து வந்து சேர்த்தான். அவருக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மாலையில் எல்லோரும் தேநீர் குடிக்கும்போது படகோட்டி என்னைச் சுட்டிக்காட்டினார். "மற்றவர்கள் எல்லோரும் துடுப்பை விட்டுவிட்டார்கள். இந்த சார் ஒருவர்தான் நான் 'ஃபார்வர்ட்' என்று கத்தியதைக் கேட்டுத் துழாவினார். இல்லையென்றால் படகு அவர் தலைமேலேயே கவிழ்ந்திருக்கும்." எல்லோரும் கை தட்டினார்கள். நண்பரும் தட்டினார்.

வெட்கம் அப்போதுதான் வந்தது. ஏனென்றால், அவர் கத்தியது என் காதில் விழவே இல்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். 'இதைப் பிடித்தால் நம்மையும் இழுத்துக்கொண்டு போய்விடும்' என்று நினைத்தேன். பயத்தில் என் விரல்கள் துடுப்பில் இறுகிவிட்டன. நடந்த உண்மை இவ்வளவுதான். பயத்தால் செய்ததைக் கடமை என்று உலகம் எழுதிக்கொண்டது.

இரவு முழுவதும் இதையே யோசித்தேன். செயலைப் பார்த்து மதிப்பதா, எண்ணத்தைப் பார்த்து மதிப்பதா? ஆற்றைக் கேட்டால் செயலைத்தான் சொல்லும். துழாவுகிறவன் வீரனா கோழையா என்று அது விசாரிப்பதில்லை. ஆனால் நான் கதை எழுதுகிறவன். இருபது வருஷமாக என் பாத்திரங்களின் நெஞ்சைக் கிழித்து உள்ளே இருக்கும் எண்ணத்தைத்தான் வாசகர்களுக்குக் காட்டி வந்திருக்கிறேன். தர்மம் செய்கிற பணக்காரனின் உள்ளத்தில் புகழாசையைக் கண்டுபிடித்து, அவனைச் சிறுமைப்படுத்தியிருக்கிறேன். எனக்கு மட்டும் வேறு தராசு வைத்துக்கொள்ளலாமா?

விடிந்ததும் நண்பரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மன்னிப்பார் என்றோ, கோபிப்பார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. சற்று நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எதற்காக என்னிடம் சொன்னீர்கள்? என் மனம் தெளியவா, உங்கள் பாரம் இறங்கவா?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னதே ஒரு நல்ல காரியம் என்று ஐந்து நிமிஷம் முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் ஒரு சுயநலம் பதுங்கியிருந்தது! எண்ணத்தை மட்டுமே தோண்டிக்கொண்டு போனால் அடியே கிடைக்காது போலும். தோண்டத் தோண்ட 'நான்' என்னும் சேறுதான் வருகிறது.

அப்போதுதான் முதல் நாள் பாடத்தின் பொருள் எனக்கு விளங்கியது. அமைதியான நீரில் ஐம்பது தடவை எங்களைத் துழாவச் சொன்னாரே அந்த இளைஞர், எதற்காக? ஆபத்து வரும்போது எங்கள் நெஞ்சில் உயர்ந்த எண்ணம் உதிக்கும் என்று அவர் நம்பவில்லை. பயம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். பயத்திலும் கை சரியானதைச் செய்ய வேண்டும் என்றுதான் பழக்கினார். அந்த ஐந்து வீச்சுகளில் நல்லது ஏதேனும் இருந்தால் அது அவருடையது, என்னுடையது அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் பிச்சைக்காரனுக்குக் குழந்தையின் கையால் அரிசி போடச் சொல்வதும் இதற்குத்தானோ? குழந்தைக்குக் கருணை என்றால் என்னவென்று தெரியாது. கை முதலில் கற்றுக்கொள்கிறது. நெஞ்சு பின்னால் வந்து சேர்கிறது. சில பேருக்குச் சேராமலே போகலாம். ஆனால் பழகாத கையில், நெஞ்சு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயன் இல்லை.

இதனால் என் பயம் வீரமாகிவிடாது. கை தட்டலுக்கு எனக்கு உரிமை இல்லை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. பலனை ஏற்றுக்கொள்ளலாம், புகழைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவே நான் கண்ட முடிவு. அன்று காலையே படகோட்டியிடம் போய் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் முதல் வருஷம் ஒன்றும் கேட்டதில்லை, சார்" என்றார்.

மூன்றாம் நாள் படகில் ஏறும்போது இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். நான் பின்னால் போய் ஒதுங்கப் பார்த்தேன். நண்பர் என் தோளைப் பற்றிப் பழைய இடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்றேன்.

"பயம்தான். துடுப்பை எடுங்கள்" என்றார்.