கையெழுத்துக்கு முன்

தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் சின்த்ராய்டு மாத்திரையைத் தயாரித்த நிறுவனம், 1987இல் ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஆய்வு நடந்த இடம் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். நடத்தியவர் மருந்தாளுநர் பெட்டி டாங். விலை குறைந்த மாத்திரைகள் தங்கள் மாத்திரைக்கு ஈடாகாது என்று முடிவு வரும் என நிறுவனம் நம்பியது. ஆனால் 22 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சின்த்ராய்டு உட்பட நான்கு வகை மாத்திரைகளும் ஒன்றுபோலவே வேலை செய்தன.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றி முடிவை வெளியிடக் கூடாது. பெட்டி டாங் அதில் கையெழுத்திட்டிருந்தார், பல்கலைக்கழகமும் தடுக்கவில்லை. 1995 ஜனவரியில் ஜாமா மருத்துவ இதழில் வரவிருந்த கட்டுரை, வழக்கு வரும் என்ற அச்சத்தால் கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அது அச்சானது 1997 ஏப்ரலில்.

இதில் தவறு யாருடையது? பணம் போட்டவர் தன் லாபத்தைக் காக்க நினைப்பது வியப்பல்ல. நிறுவனங்களே வேண்டாம் என்பதும் தீர்வாகாது. இன்சுலினைக் கண்டறிந்த டொராண்டோ ஆய்வாளர்கள் 1923இல் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மை மட்டும் போதவில்லை. எலி லில்லி போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரித்த பிறகே நோயாளிகளுக்குப் போதிய மருந்து கிடைத்தது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சில மாதங்கள் முடிவைத் தள்ளிவைப்பதும் நியாயமே.

ஆனால் தள்ளிவைப்பது வேறு, பிடிக்காத முடிவை மூடிவைப்பது வேறு. மூடிவைக்கும்போது நட்டப்படுபவர் அந்த ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவர்: தினமும் காலையில் மாத்திரை வாங்கி விழுங்கும் நோயாளி. மலிவான மாத்திரைக்கு மாறினால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 35.6 கோடி டாலர் மிச்சமாகும் என்று அந்தக் கட்டுரையே கணக்கிட்டிருந்தது. அந்த நோயாளியின் சார்பில் கையெழுத்திட யாருக்கும் உரிமை இல்லை.

அதனால் பெரும்பழி பல்கலைக்கழகத்தின் மீதுதான் விழுகிறது. அதன் பெயருக்கு மதிப்பு இருப்பதால்தான் நிறுவனம் அங்கே வருகிறது. முடிவு எதுவானாலும் சொல்வார்கள் என்ற நம்பிக்கையே அந்த மதிப்பு. அதை விற்றுவிட்டு, வம்பு வந்ததும் ஆய்வாளரைத் தனியே நிறுத்துவது கோழைத்தனம்.

நிறுவனத்தோடு கைகோக்கும் பேராசிரியர்களே, துணைவேந்தர்களே: தொகையைப் பார்க்கும் முன் வெளியீட்டு உரிமை பற்றிய பத்தியைப் படியுங்கள். ‘சம்மதம் பெற்று’ என்று இருந்தால் அடித்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.