ஓவட்டோனாவின் வங்கிக் கட்டடம்: சில குறிப்புகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓவட்டோனா என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் பால்பண்ணைகள், வயல்கள். உழவர்களின் பணத்தைக் காத்த நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கி 1908-இல் இங்கே தன் கட்டடத்தைக் கட்டி முடித்தது. ஊர் சிறியது என்பதற்காக அதில் எதையும் யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டடத்தை நான் முதலில் மதிப்பது அதற்காகத்தான்.

*

அந்நாளில் வங்கி என்றால் முகப்பில் கிரேக்கத் தூண்கள் நிற்கும். வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட்டுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கட்டடக்கலை பற்றி லூயி சல்லிவன் எழுதிய கட்டுரை ஒன்று பத்திரிகையில் அவர் கண்ணில் பட்டது. எழுதியவரையே அழைத்துவிட்டார். சிகாகோவின் உயர்ந்த கட்டடங்களால் பெயர்பெற்ற சல்லிவனுக்கு அப்போது வேலை அருகிப்போயிருந்தது. பெருநகரம் மறக்கத் தொடங்கிய கலைஞரை ஒரு சிற்றூர் நம்பியது.

*

68 அடிச் சதுரம். கீழே செம்மணற்கல். அதன்மேல் செங்கல் சுவர். கம்பியால் அறுத்ததால் சொரசொரப்பான முகம், கல்லுக்குக் கல் சற்றே மாறும் நிறம். தெருவைப் பார்த்த இரு பக்கங்களிலும் 36 அடி அகலத்தில் பக்கத்துக்கொரு வளைவு. அவற்றை நிறைக்கும் வண்ணக் கண்ணாடி லூயி மில்லெட் செய்தது. இலையும் கொடியுமாக ஓடும் சுடுமண் வேலைப்பாட்டில் பெரும்பங்கு, சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லியின் கைவண்ணம்.

உள்ளே பசுமை கலந்த பொன்னொளி. இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள். சன்னல் இல்லாத சுவர்களில் ஆஸ்கர் கிராஸ் தீட்டிய ஓவியங்கள்: ஒன்றில் மேயும் பசுக்கள், இன்னொன்றில் அறுவடை. கடன் கேட்டு வரும் உழவர் தலைநிமிர்ந்தால் கண்ணில் படுவது அவருடைய உழைப்புதான். வந்தவரைச் சிறுமைப்படுத்தாத பெருமிதம் இது.

*

வங்கியை ஒட்டியே, அதே செங்கல்லில், வாடகைக்கு விடக் கடைகளும் அலுவலகங்களும் கட்டினார்கள். நினைவுச்சின்னமாக இருக்க யாரும் இதைக் கட்டவில்லை. வரவு செலவு பார்க்கும் இடமாகத்தான் கட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கும் அழகு உரியது என்று நினைத்திருக்கிறார்கள்.

*

1926-இல் வங்கி நொடித்தது. சல்லிவன் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வறுமையில் இறந்திருந்தார். கட்டடம் நின்றது. 1929-இல் வேறொரு வங்கி அங்கே வந்து சேர்ந்தது. பணத்துக்குக் காவலாகக் கட்டிய சுவர்கள் பணம் போன பிறகும் பயன்பட்டன.

*

இடிக்கும் கையைவிடப் புதுப்பிக்கும் கைக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். இடிப்பது ஊர் அறிய நடக்கும். நாலு பேர் தடுக்க வரலாம். புதுப்பிப்பு நல்லெண்ணத்தோடு, கதவுக்குள் நடந்துவிடும். 1940-இல் இங்கே அதுதான் நடந்தது. காசாளர்களின் பழைய கூண்டுகளும் உள்ளலங்காரத்தின் பெரும்பகுதியும் அகன்றன. அவற்றை அகற்றச் சொன்னது தீய எண்ணம் அல்ல, வங்கியின் அன்றாடத் தேவை.

*

1950-களில் அதே வங்கி கட்டடக் கலைஞர் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸை அழைத்தது. போனதையெல்லாம் போலிசெய்து வைக்க அவர் முயலவில்லை. எஞ்சியதைப் பேணினார், அன்றைய வங்கிக்கு வேண்டிய வசதிகளைப் பழைய நிறங்களோடு இசையவைத்தார். 1976-இல் இது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 1981-இல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. அந்தப் பெருமைகளுக்கெல்லாம் முன்பே, ஓர் உரிமையாளர் தாமாக எடுத்த முடிவு அதைக் காப்பாற்றியிருந்தது.

*

தொழில் நடந்ததால் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டார்கள்; கண்ணாடி துடைத்தார்கள். அதே தொழில்தான் கூண்டுகளையும் பெயர்த்தது. கடைவீதிக் கட்டடத்துக்கு உயிரும் காயமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பூட்டிவைத்தால் காயம் படாது, ஆனால் உயிர் போய்விடும். ஆகவே பழைய கட்டடத்தை வைத்திருப்பவர் அதில் தொழிலை நடத்தட்டும். அங்கே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும், கொத்தனாரை அழைக்கும் முன்பே தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்.