வரிக்குறைப்பின் விலை

வரி என்பது அரசு நம்மிடமிருந்து பறித்துக்கொள்வதா, நாம் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடனா என்னும் வினா, விரிவுரை மண்டபத்தில் அன்றி விடத்தல்தீவுக் கடற்கரையிலேயே என் நெஞ்சில் எழுந்தது.

2023 மார்ச்சில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் புதிய வருமான வரியை எதிர்த்துப் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். விரிவுரைகள் இன்மையால் யான் ஊரில் இருந்தேன். கண்டல் மரநிழலில் நண்டு வலையைச் சீர்செய்துகொண்டிருந்த சித்தப்பா காரணம் வினவினார். கூறினேன். “மாசம் லட்சத்துக்கு மேல எடுக்கிறவைக்குத்தானே தம்பி? எங்களிட்ட ஆரும் வரி கேக்கிறதில்ல” என்று சிரித்தார். அவர் வரி செலுத்தாதவர் என்றே யானும் அதுவரை எண்ணியிருந்தேன்.

இலங்கையில் வருமான வரி 1932 இல் புகுத்தப்பட்டது. ஆயினும் அரசின் வரி வருமானத்தின் பெரும்பகுதி இன்றுவரை பொருள்களின் விலையோடு கலந்து வரும் மறைமுக வரிகளிலிருந்தே கிடைக்கிறது. சவர்க்காரம் வாங்கும் மீனவனும் பேராசிரியரும் அங்கே ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர்.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 சனவரியில் சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கப்பட்ட வரி நீக்கப்பட்டது. மாதம் 250,000 ரூபா வரை உழைப்போர் வருமான வரியிலிருந்து விடுபட்டனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 11 வீதமாக இருந்த வரி வருமானம் 2021 இல் 8 வீதத்துக்கும் கீழே இறங்கிற்று. கொரோனாவும் ஒரு காரணமே. எனினும் வரிக்குறைப்பை அதன் பின்னால் மறைத்தல் நேர்மையாகாது. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. வெளிநாட்டுக் கடன்சந்தையின் கதவுகள் மூடின. 2022 ஏப்ரலில் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிற்று.

சித்தப்பாவின் கணக்கு இதனினும் எளிது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அவருடைய வள்ளத்தின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. பல நாள்கள் வள்ளம் கரையிலேயே கிடந்தது. பிறர் செலுத்தாது விட்ட வரியில் ஒரு பங்கை அவர் செலுத்தினார் என்பதே என் துணிபு. அதற்குப் பற்றுச்சீட்டு மட்டும் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களின் முறைப்பாடு பொய்யன்று. 2023 சனவரியில் வரிவிலக்கு எல்லை மாதம் 100,000 ரூபாவாகத் தாழ்ந்து, உச்ச வீதம் 36 ஆக உயர்ந்தது. சம்பளம் பெறுவோரிடம் அது கைக்கு வருமுன்னரே கழிக்கப்பட, ரியூசன் கொட்டில்களில் ரொக்கமாக உழைப்போர் எளிதில் தப்பினர். இவ்வநீதியை எதிர்த்தல் தகும். ஆனால், 2020 இல் வரி நீங்கியபோது, ‘எங்கள் பங்கை இனி யார் சுமப்பது?’ என்று கேட்ட பதாகை எதனையும் யான் கண்டிலேன். சுமை கூடும்போது மட்டும் விழிக்கும் நீதியுணர்வை நீதியுணர்வு என்பதா, தன்னலம் என்பதா?

சங்கம் உடையோரின் குரல் ஓரளவு கேட்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்தது. பெறுமதி சேர் வரியோ, 2024 சனவரியில் ஏற்றப்பட்ட 18 வீதத்திலேயே அப்பொழுதும் நின்றது.