ஒரு ரூபாய் சீட்டு

“ஒரு ரூபாய்க்கு ஏரோப்ளேன்ல போனியா? இன்னாப்பா சொல்ற?”

பழவேற்காடு ஏரியில் படகோட்டிய அண்ணன் நம்பவில்லை. கல்லூரி நாட்களில் ஏர் டெக்கானில் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரி தனி என்றேன். அவர் அடுத்துக் கேட்டதுதான் சிக்கல்: “பக்கத்து சீட்டுக்காரன் எவ்ளோ குடுத்தான்?” கடைசி நேரத்தில் வாங்கியிருந்தால் ஆயிரக்கணக்கில் ஆகியிருக்கும் என்றேன். “ஒரே ப்ளேனு. இதுல நாயம் எங்க இருக்கு?”

கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய நிறுவனம் அது. 48 பேர் உட்காரும் ஏடிஆர் விமானங்களோடு, ஹூப்ளி மாதிரியான சிறு ஊர்களுக்குப் பறந்தது. ஆர்.கே. லட்சுமணின் சாமானியன்தான் அதன் அடையாளம். முந்திக்கொண்ட சிலருக்கு ஒரு ரூபாய். பிந்தியவர்களுக்கு ஏறிக்கொண்டே போகும் விலை. அப்படியும் கட்டுப்படியாகவில்லை. நஷ்டம் முற்றி, 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் பங்குகளை வாங்கியது. 2008இல் பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. மலிவு விலைச் சேவையே இனி இல்லை என்று 2011இல் அறிவிப்பு வந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்திவிட்டது.

ஏரியில் வேறு கணக்கு. இங்கே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து இடங்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முந்தியவன், காசுள்ளவன் என்ற பேச்சே இல்லை. நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைவிட நேர்மையான அல்காரிதம் தெரியாது. ஏர் டெக்கான் ஐந்தே வருடத்தில் பெயரை இழந்தது. பாடு தலைமுறைகளாக நிற்கிறது.

இதை உற்சாகமாகச் சொன்னேன். அண்ணன் கழியை ஊன்றிக்கொண்டே சொன்னார்: “சீட்டுல பேரு இருந்தாத்தானே குலுக்கலு? எங்களுக்குப் பாடு கெடையாது.”

பாடு உரிமை குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்கு மட்டும். மற்றவர்கள் குலுக்கலுக்கு வெளியே. வேலி இருப்பதால்தான் உள்ளே இருப்பவர்களுக்குப் பங்கு கட்டுப்படியாகிறது.

ஏர் டெக்கான் என்னிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. ஆனால் என் ஒரு ரூபாய்க்கு மேல் ஆன செலவைப் பக்கத்து சீட்டுக்காரரும் பங்குதாரர்களும்தான் சுமந்தார்கள். அவர்களால் முடியாமல் போனதும் கதவு சாத்தப்பட்டது. நீடித்து நிற்பதாலேயே ஒரு முறை நியாயமாகிவிடுமா? விழுந்துவிட்டதாலேயே ஒரு ஆசை தப்பாகிவிடுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ சொல்லப் பழகியிருந்தேன். இரண்டிலும் இடம் கிடைக்காத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கரை நெருங்கும்போது கேட்டார்: “அந்தக் கம்பெனி இப்போ ஓடுதா?”

“இல்லண்ணா.”

“ஓடுனா சொல்லு. நானும் ஒரு தபா போறேன்.”